ஊன்றிய திருவடியின் வேலை

தில்லைக் கூத்தனான நடராசனின் திருமேனியில் ஐந்தொழிலும் எங்கெங்கே நிகழ்கின்றன என்று வகுக்கப் புகுந்த சைவ சித்தாந்தம், படைத்தலை உடுக்கை ஏந்திய கையிலும், காத்தலை அஞ்சேல் என்று அமைந்த கையிலும், அழித்தலைத் தீ ஏந்திய கையிலும் வைத்துவிட்டு, எஞ்சிய இரண்டையும் கால்களுக்கு விட்டது. உலகத்தின் தோற்றம், நிலைபேறு, ஒடுக்கம் ஆகிய மூன்றும் கைகளின் பாற்பட்டவை. உயிரின் கட்டும் விடுதலையும் கால்களின் பாற்பட்டவை. தூக்கிய திருவடி செய்வது அருளல், அதாவது உயிரைப் பிறவியிலிருந்து எடுத்து வீடுபேற்றில் சேர்த்தல். ஊன்றிய திருவடி செய்வது மறைத்தல், அதாவது இறைவன் தன்னை உயிருக்குக் காட்டிக்கொள்ளாமல் நின்று, அது உலக அனுபவத்தில் தோய்ந்து பக்குவப்படும்வரை அதை நடத்துதல். மெய்கண்ட சாத்திரங்கள் 14இல் ஒன்றாகிய உண்மை விளக்கத்தில் இந்தப் பகுப்பை ஒரே வெண்பாவில் அடக்கிய மனவாசகம் கடந்தார் 13ஆம் நூற்றாண்டினர். புதுச்சேரிக்குத் தென்மேற்கே, பண்ருட்டியை அடுத்த திருவதிகையைச் சேர்ந்தவர்.

இவ்விரண்டில் தூக்கிய காலுக்கே புகழ் அதிகம். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் வளைந்த அந்தத் திருவடியைப் பாடுவதற்கென்றே 'குஞ்சிதாங்கிரி ஸ்தவம்' என்னும் வடமொழித் துதிநூலைச் செய்தார். குஞ்சிதபாதம் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் தில்லையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் உண்டு. ஊன்றிய பாதத்துக்கு அப்படியொரு பெயர் வழக்கில் இல்லை. காலடியில் கிடக்கும் முயலகன் என்னும் அசுரனை மிதித்துக்கொண்டு, கூத்தின் முழு எடையையும் தாங்கி, அசையாதது போல் நிற்கும் அந்தக் காலைப் பார்ப்பவர் கண் எளிதில் கடந்துபோகிறது. ஆனால் நாட்டியம் ஆடுபவரையோ சிலம்பம் சுற்றுபவரையோ பந்தாட்டக்காரரையோ கேட்டால், பயிற்சியின் பெரும்பகுதி அந்தக் காலுக்கே போகிறது என்பார்கள். பழகப் பழகக் கால் தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கி, ஆடுபவரின் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. அந்த மறைவை அறிவின் இழப்பு என்பதா, அறிவு வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தது என்பதா? சமயமும் மெய்யியலும் சந்திக்கும் இந்தக் கேள்விக்குப் புதுச்சேரி நகரில் ஒரு தனி வரலாறு இருக்கிறது.

காலை உடம்பின் கடைசி உறுப்பாக வைக்கும் வழக்கமும், இறைவனைப் பற்றிப் பேசும்போது அவன் அடியையே முதலில் பிடிக்கும் வழக்கமும் தமிழ்நிலத்தில் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றாமல் சேர்ந்தே வாழ்கின்றன. தவறிப்போய்க் கால் பட்டுவிட்டால் பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே மனிதர், பெருமாள் கோயிலில் சடாரிக்குத் தலையைக் குனிந்து கொடுக்கிறார். சடாரி என்பது திருமாலின் பாதங்களைத் தாங்கிய, தலையில் கவிக்கப்படும் உலோக முடி. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி இந்த உயர்வு தாழ்வைச் சட்டத்தின் முன்னும் கொண்டு நிறுத்தியது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 1873இல் ஐரோப்பியரைப் போலக் காலுறையும் காலணியும் அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தபோது நீதிபதி அவரை அனுமதிக்கவில்லை. இந்தியர் காலணியைக் கழற்றிவிட்டு வருவதே மரபு என்பது காரணம். அவர் பாரிசில் உள்ள உச்ச முறையீட்டு மன்றம்வரை சென்று வென்றார். அந்த வழக்கில் கிளர்ந்த சமத்துவ வேட்கை, தம் சாதி வழி உரிமைச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்ற 1881 செப்டம்பர் 21 ஆணைக்கு வழிகோலிய காரணங்களில் ஒன்றாயிற்று. பொன்னுத்தம்பியும் லப்போர்த் என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். கோயிலில் வெறுங்கால் பணிவைக் குறித்தது, நீதிமன்றத்தில் அதே வெறுங்கால் தாழ்வைக் குறித்தது. கால் ஒன்றுதான், யார் கழற்றச் சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்குள்ளேயே அடங்கும் காரைக்கால் இன்னும் தீவிரமான ஒரு கால்கதையைத் தருகிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தின்படி, காரைக்காலில் வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதியார், பேயுருவை வேண்டிப் பெற்றபின் கயிலைக்குச் சென்றபோது, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க ஒப்பாமல் தலையால் நடந்து சென்றார். அவரை அம்மையே என்று அழைத்த சிவபெருமானிடம் அவர் கேட்டது அவன் ஆடும்போது அவன் அடியின் கீழே இருக்க வேண்டும் என்பது. திருவாலங்காட்டில் அது கிடைத்தது என்பது புராணம். தன் காலை முற்றிலும் துறந்தவருக்கு இறைவனின் காலடி இருப்பிடமானது என்று இதைப் படிப்பதே பொது வழக்கு. அதைவிடக் கூர்மையான பொருளும் இதில் உண்டு. தலையால் நடப்பது என்பது நடையைக் கைவிடுவது அன்று. எந்த உறுப்பு எங்கே பட வேண்டும் என்ற கணக்கை ஒவ்வோர் அடியிலும் புதிதாகப் போடுவது. பழகிய நடையில் மறைந்துபோன கவனத்தை அம்மையார் மீட்டெடுத்தார் என்றும் சொல்லலாம்.

தில்லைக் கூத்தைக் கண்ட முனிவர் இருவரின் கால்களையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வியாக்கிரபாதர் விடியுமுன் மரமேறி, வண்டு தொடாத பூக்களைப் பறிப்பதற்காகப் புலிக்காலும் கூர்நகமும் கேட்டுப் பெற்றவர். பதஞ்சலியோ ஆதிசேடனின் அவதாரம், இடுப்புக்குக் கீழே பாம்பு, காலே இல்லாதவர். யோகத்துக்கு நூல் செய்தவராக மரபு போற்றுபவருக்குக் காலில்லை, பூப்பறிக்கும் தொண்டருக்கு இயற்கையை மீறிய கால். இருவருக்கும் ஒரே காட்சி கிடைத்தது. கால்திறன் பேற்றுக்கு நிபந்தனை அன்று, தடையும் அன்று என்று புராணமே தீர்த்துவிட்டதாக இதைக் கொள்ளலாம். பிறகு ஏன் அதைப் பழக வேண்டும் என்பது மட்டும் எஞ்சி நிற்கிறது.

விளையாட்டு வருணனையில் 'ஃபுட்வொர்க்' என்றே வழங்கிவரும் கால்வேலையை, கால்களை விரைவாக அசைப்பது என்று எடுத்துக்கொள்வது பிழை. உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எப்போது, எங்கே மாற்றுவது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் அது. டென்னிஸில் எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தை ஒட்டி, ஆட்டக்காரர் இரு கால்களாலும் தரையைவிட்டு மிகச் சிறிதாக எழும்பி, பந்தின் திசை புலப்படும் வேளையில் கீழிறங்குகிறார். 'ஸ்பிளிட் ஸ்டெப்' எனப்படும் இந்த எழும்பலில் கால்தசைகள் இறுகித் தயாராகி, இறங்கும் விசையே எந்தப் பக்கமும் பாய்வதற்கான உந்துதலாக மாறுகிறது. எழும்பாமல் நின்றவர் முதலில் தன் எடையைத் தூக்கிக்கொண்டு, அதன்பின் ஓட வேண்டும். காண்போரின் கண் பந்தோடு போய்விடுவதால் இந்தச் சிறு எழும்பல் கண்ணில் படுவதே இல்லை. ஆட்டக்காரர் கையின் வீச்சைப் பாராட்டிவிட்டுக் கூட்டம் வீட்டுக்குப் போகிறது.

கபடியின் ஒரு விதி எடை கால்மாறும் இந்தக் கணத்தைக் கண்கூடாகவே காட்டும். எதிர்க்களத்தில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது, பாடிச் செல்பவர் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்ற, பின்கால் அந்தரத்தில் இருந்தால்தான் அந்தப் புள்ளி அவருக்கு உண்டு. ஊன்றிய காலும் தூக்கிய காலும் ஒரே கணத்தில் நடுவரின் கண்ணுக்குப் பட வேண்டும். இதில் நடராசத் தத்துவம் ஒளிந்திருக்கிறது என்று சொல்வது அளவுமீறிய ஆசை; ஆனால் எடை முழுவதும் ஒரு காலில் இறங்கினால்தான் மறுகால் விடுதலை பெறும் என்ற உடம்பின் சட்டம் கூத்துக்கும் கபடிக்கும் ஒன்றே.

நாட்டிய சாத்திரம் இந்தச் சட்டத்தை இலக்கணமாக்கியது. ஒரு காலின் அசைவை மையமாகக் கொண்டு இடுப்பு, தொடை, கணைக்கால் ஆகியவை இசைந்து இயங்குவதைப் பரதர் சாரி என்று பெயரிட்டு, சாரிகள் 32 என்று எண்ணி, அவற்றில் 16ஐ நிலத்துக்கும் 16ஐ வானுக்கும் பங்கிட்டார். நிலத்தை ஒட்டி நகர்பவை பௌமி, காலை உயர்த்திச் செய்பவை ஆகாசிகி. இந்தச் சாரிகளோடு கையசைவும் உடல்நிலையும் கூடி அமைவன கரணங்கள். 108 கரணங்களும் தில்லையின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 மட்டும் முடிந்து, மிச்சத்துக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. நிலமும் வானும் சரிபாதி என்ற இந்தக் கணக்கு, பின்னால் வந்த பரதநாட்டியப் பயிற்சியில் நிலத்தின் பக்கமே சாய்ந்தது. அரைமண்டியில், அதாவது முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி உட்கார்ந்தாற்போல் நின்று, தட்டடவில் பாதத்தை முழுமையாகத் தட்டுவதும், நாட்டடவில் குதிகாலை நாட்டுவதும், குதித்துமெட்டடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலை இறக்குவதுமாகத்தான் மாணவியின் ஆண்டுகள் கழிகின்றன.

இந்த அடவுகளுக்குப் பொருள் இல்லை. 'தெய்யா தெய்' என்ற சொற்கட்டுக்குக் கால் தட்டும் சிறுமியிடம் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது, ஆசிரியராலும் முடியாது. முத்திரைக்குப் பொருள் உண்டு, பார்வைக்குப் பொருள் உண்டு, தட்டும் காலுக்கு மட்டும் தாளமே தவிர வேறொன்றும் இல்லை. சித்தாந்தம் மறைத்தல் என்று சொல்வது இதற்கு மிக அருகில் இருக்கிறது. இறைவன் தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிவிட்டால், ஆணவத்தின் இருளில் பழகிய உயிர் அந்த ஒளியை ஏற்காது. ஆகவே திரோதானம் என்னும் மறைப்பாற்றல் அதை உடம்போடும் உலகோடும் பிணைத்து, இருள் தானே முதிர்ந்து தளரும்வரை வேலை வாங்குகிறது. மலபரிபாகம் என்பது அந்த முதிர்ச்சியின் பெயர். திரோதானத்தையும் மலங்களின் வரிசையில் ஒன்றாக எண்ணும் சித்தாந்திகள், அது உண்மையில் அருளின் வேறொரு முகமே என்றும் விளக்குவார்கள். எதற்கு என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தட்டிய கால்தான், பிற்காலத்தில் வர்ணம் என்னும் நீண்ட உருப்படியை ஆடும்போது தட்டிமெட்டாக அடியில் ஓடிக்கொண்டிருக்கும். முகமும் கையும் தலைவனை எண்ணி ஏங்கும் பெண்ணின் சொற்களை அபிநயிக்கையில், பாதம் அந்தச் சொற்களுக்குக் கீழே தாளத்தின் கணக்கை விடாமல் நடத்தும். அரங்கில் இருப்பவர்கள் ஏக்கத்தைப் பார்க்கிறார்கள். ஏக்கம் நிற்பதற்கான தரையைக் கால் போட்டுக்கொண்டே இருக்கிறது.

வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யும் நமஸ்காரத்தில் மாணவி குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். மிதிக்கப்போவதற்கும் மிதித்ததற்கும் பூமியிடம் பொறுத்தருள வேண்டுவது என்று ஆசிரியர்கள் விளக்குவது வழக்கம். புதுச்சேரியில் கீதானந்த கிரி சுவாமிகளும் மீனாட்சி தேவி பவனானியும் 1993இல் நிறுவிய யோகாஞ்சலி நாட்டியாலயம் யோகத்தையும் பரதத்தையும் ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றுவிக்கும்போது, இரண்டுக்கும் பொதுவானது இந்தப் பணிவே என்று கருதியிருந்தால் அது பொருத்தமானதே. மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதிக்கும் கால், மிதிப்பதை மறந்துவிட முடியாத கால்.

இசையில் காலின் இடம் இன்னும் மறைவானது. கருநாடக இசை மேடையில் பாடகர் கால்களை மடக்கி அமர்ந்துவிடுகிறார். தாளம் கைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் மூன்றாகவோ நான்காகவோ ஐந்தாகவோ ஏழாகவோ ஒன்பதாகவோ பகுக்கும் முறைக்கு நடை என்றே பெயர் நிலைத்திருக்கிறது. இந்த இசையின் ஒரு கிளை உண்மையிலேயே நடந்து வளர்ந்தது. நாகசுரமும் தவிலும் ஒலிக்க, சுவாமி புறப்படும் வேளையில் கம்பீர நாட்டையில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. பல்லக்கைத் தோளில் ஏற்றியவர்களின் அடிவைப்புக்கு அது துணையாகிறது. ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று வைணவக் கோயில்களில் அழைக்கப்படும் இவர்களின் கால்வேலை தனிக்கலை. திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டில் சிங்கநடை, பாம்புநடை எனப் பலவகை நடைகள் வழங்குவதைக் கண்டவர்கள், தாங்குபவர்களின் கால்களே அங்கே தெய்வத்தின் கால்களாக நடக்கின்றன என்பதை உணர்வார்கள். மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் திண்டிவனம் சீனிவாசப் பெருமாளும் சுற்றூர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்கு வரும்போது, தார்ச்சாலையில் வந்த நடை மணலில் செல்லாது. மணல் காலை உள்ளே இழுக்கும். ஒருவர் அடி தவறினால் எடை மற்றவர் தோளுக்குப் பாயும். அடிகள் குறுகி, முழங்கால் தாழ்ந்து, தோள்கள் ஒருவரையொருவர் கேட்டு நடப்பதை யாரும் கட்டளையிட்டுச் செய்விப்பதில்லை.

பிரெஞ்சு மெய்யியலாளர் மொரீஸ் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட புலனுணர்வின் நிகழ்வியல் என்னும் நூலில், இதுவரை தொட்டிராத ஓர் ஆர்கனை வாசிக்க வரும் இசைஞரை உதாரணமாக எடுத்துக்கொண்டார். தேவாலய ஆர்கனில் கைக்கட்டைகள் பல அடுக்காக இருக்கும். காலால் மிதிக்கும் கட்டைகளும் உண்டு. கருவிக்குக் கருவி அவற்றின் அமைப்பு மாறும். அந்த இசைஞர் ஒரு மணி நேரம்போலப் பழகிவிட்டுக் கச்சேரிக்குத் தயாராகிவிடுகிறார். அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு கட்டையின் இடத்தையும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. பழைய கருவியில் பெற்ற இயந்திர அசைவுகளும் புதியதில் பயன்படா. ஆகவே பழக்கம் என்பது மனத்தில் உள்ள அறிவும் அன்று, தசையில் பதிந்த இயந்திரமும் அன்று. உடம்பு தன்னைச் சூழ்ந்த இடத்தை உட்கொண்டு புரிந்துகொள்வதே பழக்கம் என்பது அவர் முடிவு. வைத்திக்குப்பம் மணலில் இறங்கும் தோள்கள் இந்த முடிவை நூலின்றியே ஒப்புக்கொள்ளும்.

இதே கேள்வி யோகத்தின் மொழியில் வெளிப்படையாக எழுந்தது புதுச்சேரியில்தான். 1910 ஏப்ரல் 4 அன்று இந்நகருக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர், உடம்பைவிட்டு மேலே போகும் விடுதலையைத் தம் யோகத்தின் முடிவாக ஏற்கவில்லை. சத்திய ஜீவியம் என்று தமிழில் வழங்கும் மேல்நிலை உணர்வு உடம்பின் பொருள்வரை இறங்கி அதை மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1943 டிசம்பர் 2 அன்று அவருடைய ஆசிரமத்தில் பள்ளி தொடங்கியபின் குழந்தைகள் வந்தார்கள். 1945இல் பிரணவ் குமார் பட்டாச்சார்யாவின் பொறுப்பில் உடற்கல்வி முறைப்பட்டது. 1949 பிப்ரவரி 21 அன்று உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழ் வெளிவந்தது. ஸ்ரீ அரவிந்தரின் யோகத் துணைவராக ஆசிரமத்தை நடத்திய, பாரிசில் 1878இல் பிறந்த ஸ்ரீ அன்னை, எழுபதைக் கடந்தபின்னும் ஆசிரமத்தின் டென்னிஸ் மைதானத்தில் ஆடிவந்தார். எண்பதாம் வயதான 1958வரை அது தொடர்ந்தது. தியானத்துக்காக வீட்டைத் துறந்து வந்த சாதகர்களில் சிலருக்கு இது விளங்கவில்லை. அணிவகுப்பும் ஓட்டமும் யோகத்தில் எங்கிருந்து வந்தன என்ற அவர்களது கலக்கத்துக்கு, விளையாட்டு எவருக்கும் கட்டாயமான சாதனை அன்று என்று ஸ்ரீ அரவிந்தர் கடிதங்களில் தெளிவுபடுத்தினார். ஆனால் அந்த இதழில் 1949லும் 1950லும் எழுதிய கட்டுரைத் தொடரில், அவருடைய கடைசி உரைநடை எழுத்துகளான அவற்றில், உடம்பின் நிறைவு முழு வாழ்வின் நிறைவில் ஓர் அங்கம் என்பதை அவர் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த யோகத்தின் உளவியலில் காலின் பழக்கத்துக்கு ஒரு சிக்கலான இடம் இருக்கிறது. உடம்புக்கு மனத்தைச் சாராத தனி உணர்வு உண்டு என்பது ஸ்ரீ அரவிந்தரின் துணிபு. ஆகவே பழகிய கால் அறிவற்றது அன்று. ஆனால் விழிப்புக்குக் கீழே, பழையதையே திரும்பத் திரும்ப அரைக்கும் இருண்ட தளம் ஒன்றும் மனிதனில் இருக்கிறது என்றும், நோயும் அச்சமும் கெட்ட பழக்கமும் அங்கிருந்தே மீண்டும் மீண்டும் எழுகின்றன என்றும் அவர் எழுதினார். பயிற்சியால் கவனத்திலிருந்து நழுவிய கால்வேலை இவ்விரண்டில் எதற்குள் போய் விழுகிறது? உடற்கல்வி உடம்பின் அணுக்களுக்குள் உணர்வைச் செலுத்தும் வழி என்று ஸ்ரீ அன்னை கருதியதை ஏற்றால், கால் மறக்கப்பட வேண்டியது அன்று, விழிக்க வைக்கப்பட வேண்டியது. ஆட்டக்காரரின் அனுபவமோ எதிர்த்திசையில் நிற்கிறது: பந்து வரும் வேளையில் காலை நினைத்தவர் பந்தைத் தவறவிடுவார்.

முரண் வெளித்தோற்றத்தில்தான். மறதி இருவகை. முயலகனுக்கு வடமொழியில் அபஸ்மாரன் என்று பெயர், நினைவு கெட்டவன் என்பது பொருள். ஊன்றிய திருவடி மிதிப்பது அந்த வகை மறதியை. கற்றதைக் கற்றபடியே ஒப்பிக்கும் கால் இந்த மறதிக்குள் கிடக்கிறது. தரை மாறாதவரை அது திறமைபோலவே தோன்றும். ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் நான்கின் பகுப்பான சதுஸ்ர நடையிலிருந்து மூன்றின் பகுப்பான திஸ்ரத்துக்குத் தாளத்தைத் திருப்பும்போது, பந்து மேடுபள்ளத்தில் பட்டு விலகும்போது, மணலில் பல்லக்கு சாயும்போது, செத்த பழக்கம் தடுமாறி நிற்கிறது. உயிருள்ள பழக்கம், யோசிக்க நேரம் எடுக்காமலேயே, புதிய அடியைக் கண்டுபிடித்துவிடுகிறது. உயிருள்ள பழக்கம் கொண்ட காலில் கவனம் இல்லை என்று சொல்வதைவிட, கவனம் என்று தனியாக ஒன்றைப் பிரித்துக்காட்ட முடியாதபடி காலே கவனமாகிவிட்டது என்பதே சரி. சிலம்பத்தில் நான்கு திசையிலும் அடி பெயர்த்துக் கம்பு சுற்றுவதை வீடு கட்டுதல் என்பார்கள். பயிலும்போது அது வரிசை மாறாத பாடம். எதிரே ஆள் நின்று கம்பு வீசும்போது அந்த வரிசையை அப்படியே ஒப்பித்தவர் அடிவாங்குவார், அதை அறியாதவரும் அடிவாங்குவார்.

கால்வேலையின் எல்லையைக் காண விரும்புவோர் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பங்கள் விடாமல் ஆடிவரும் பெத்தாங்க் ஆட்டத்தைப் பார்க்கலாம். தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூட்டுவலியால் ஓடி வந்து எறிய முடியாத ஓர் ஆட்டக்காரருக்காக ஓட்டத்தை நீக்கி அமைத்த ஆட்டம் இது என்பர். தரையில் வரைந்த சிறு வட்டத்துக்குள் இரு கால்களும் ஊன்றி நிற்க வேண்டும். எறிந்த இரும்புக்குண்டு தரையைத் தொடும்வரை எந்தக் காலும் எழக்கூடாது. தூக்கிய கால் என்பதே இல்லாத இந்த ஆட்டத்தில் கால்வேலை தீர்ந்துவிடவில்லை. குண்டை எவ்வளவு தொலைவுக்கு, எந்த உயரத்தில் அனுப்புவது என்பது பாதத்தின் அழுத்தத்திலிருந்தே கைக்கு ஏறுகிறது.

பழகிய காலைப் பற்றிய கேள்வி சமயக் கேள்வியாக மிகக் கூர்மையாக எழும் இடம் தீமிதி. புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களின் திரௌபதியம்மன் கோயில்களில், பாரதக் கதையும் கூத்தும் முடிந்தபின், விரதமிருந்த அடியார்கள் தணல் பரப்பிய குழியைக் கடக்கிறார்கள். அம்மன் காத்தாள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், ஒவ்வோர் அடியும் தணலில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு என்பது இயற்பியல் சொல்லும் காரணம். இரண்டாவது சரியானதே, ஆயினும் அது நடையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. அஞ்சி நின்றவரும் சுடப்படுவார், பதறி ஓடித் தணலுக்குள் பாதத்தை ஆழப் புதைத்தவரும் சுடப்படுவார். வெப்பம் கடத்தும் திறன் இருவருக்கும் ஒன்றே. சீராகவும் தயங்காமலும் வைக்கும் அந்த நடையை விரதமும் பறையும் கூட்டத்தின் குரலும் சேர்ந்துதான் கொடுத்தன. அச்சம் காலுக்குள் இறங்காமல் தடுத்தது எது என்ற கேள்விக்கு இயற்பியலில் இடம் இல்லை. அதைப் பக்தி என்று சொல்வதால் தணலின் இயல்பு பொய்யாகிவிடுவதும் இல்லை. அம்மன் தணலைக் குளிரவைத்தாள் என்பதைவிட, அவள் நடையைத் தந்தாள் என்பதே சித்தாந்தத்துக்கு நெருக்கமான வாசகமாகும். உடம்பும் உலகமும் உயிருக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டவை. விடியும்வரை இருட்டில் ஏற்றி வைக்கும் விளக்குப் போன்றவை என்பது சித்தாந்த நூல்கள் ஒப்புக்கொண்ட உவமை.

இந்த உவமையில்தான் சித்தாந்தமும் ஸ்ரீ அரவிந்தரும் பிரிகிறார்கள். விடிந்தபின் விளக்கு வேண்டியதில்லை என்பது சித்தாந்தம். பயின்ற கால் எவ்வளவு நுண்ணியதானாலும் அது மறைத்தலின் எல்லைக்குள் நிற்பது, வீடுபேற்றில் எஞ்சுவது இறைவனின் அடி மட்டுமே. விளக்கே ஒளியாக மாற வேண்டும் என்பது ஸ்ரீ அரவிந்தர். ஆகவே மைதானத்தில் பயின்ற காலை அவர் வழி வந்தவர்கள் வாசலில் விட்டுச் செல்ல முடியாது. முன்னதன் கணக்கில் வயது முதிர்ந்து கால் தளர்வது இழப்பே அன்று, நட்டுவனார் அமர்ந்தபடி தட்டுக்கழியால் பலகையைத் தட்டி மாணவியின் காலுக்குச் சொல் கொடுப்பது போல வேலை கைமாறுகிறது, அவ்வளவுதான். பின்னதன் கணக்கில் தளர்ச்சி என்பது இன்னும் வெல்லப்படாத எதிர்ப்பு. ஆசிரமத்தில் சிறுவர்களோடு முதியவர்களும் மாலைப் பயிற்சிக்கு வருவதும், ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று உடற்பயிற்சிக் காட்சி நடப்பதும் அந்த இரண்டாவது கணக்கின்படியே நடக்கின்றன.